ஓரம், விமலா

ஒரகடம் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்க ஷெட் தேடி வரும் பெண்கள் என் ஷெட்டையும் வந்து பார்ப்பதுண்டு. மின்சாரம் ஒழுங்காக வருமா, லாரி உள்ளே வந்து திரும்புமா, கழிவறைக்குத் தண்ணீர் எப்படி என்று வரிசையாகக் கேட்பார்கள். நான் வரிசையாகப் பதில் சொல்வேன். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, ஏறக்குறைய எல்லோரும் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார்கள். தினமும் காலையில் எழுந்து வர மனசு எங்கிருந்து கிடைக்கிறது? வேலையாட்களோடும் ஆர்டர் கொடுப்பவர்களோடும் உறவை எப்படி உண்டாக்கிக்கொண்டீர்கள்?

இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். அதை வாசலில் நின்று சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். அதற்கு முன் நீங்கள் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டு வைக்கிறேன். உங்களுக்கு முன்னால் அந்த ஷெட்டில் யார் இருந்தார்கள்?

நானும் கேட்கவில்லை. கார் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவள் நான். எதையும் பட்டியலாகப் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடிக்கும் பழக்கம். மண்ணூரில் இந்த ஷெட்டைப் பார்த்தபோதும் அப்படித்தான். கூரை ஒழுகவில்லை. சுவரில் விரிசல் இல்லை. நடுவில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பழைய பிரஸ் மெஷின் நின்ற கான்கிரீட் மேடை, நான்கு போல்ட்டுகள் மேலே நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே இருந்தது. எனக்கும் பிரஸ்தான் வரப்போகிறது, மேடை கட்டும் வேலை மிச்சம் என்று சந்தோஷமாக ஒரு டிக் அடித்தேன்.

ஆட்களும் சுலபமாகக் கிடைத்தார்கள். மண்ணூர் மாதா கோயில் தெருவில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா, அவருடைய சிநேகிதி கன்னியம்மா, அவர்கள் அழைத்துவந்த இன்னும் சிலர். ஸ்டெல்லா அக்காவும் கன்னியம்மாவும் முந்தைய ஓனரிடம் இதே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். வேலை தெரிந்தவர்கள், பக்கத்து ஊர். அதற்கும் டிக்.

பிரஸ் வந்து சேரும் வரை வேறு இடத்தில் அடித்த கிளிப்புகளை வாங்கிவந்து பிசிறு நீக்கிப் பெட்டியில் அடுக்கினோம். கார் சீட்டின் அடியில் துணியைப் பிடித்துக்கொள்ளும் சிறிய இரும்புக் கிளிப். தட்டுகளை ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கிப் போக வேண்டும். காலி மேடையைத் தாண்டும் இடத்தில் ஸ்டெல்லா அக்கா உடம்பைச் சற்றுத் திருப்பி, தட்டை உயர்த்திக்கொண்டு, “ஓரம், விமலா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேலைக்கு எடுத்தவர்களில் விமலா என்று யாரும் இல்லை.

“விமலா யாருக்கா?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல மேடம். வாய்ப்பழக்கம்.”

“அவ செவுத்தாண்ட கூட பேசிகினு இருப்பா மேடம்,” என்றார் கன்னியம்மா. “வூட்ல புருஷன் காது குடுக்க மாட்டான், அதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், கேலி செய்த கன்னியம்மாவும் அதே இடத்தில் உடம்பைத் திருப்பித்தான் போகிறார். வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைகிறது. அவர்கள் ஒதுங்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒருவர் ஸ்டூல் போட்டு மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் எவ்வளவு இடம் எடுப்பாரோ, அவ்வளவுதான் இருந்தது.

பழைய மெஷின் நின்ற ஞாபகம், உடம்பில் பதிந்துவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நல்ல விளக்கம்தான். இசக்கி வரும் வரை தாங்கியது.

இசக்கி தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவள். முதல் நாள் காலை கையில் தட்டைக் கொடுத்து, அந்தப் பக்கம் வைத்துவிட்டு வா என்றேன். மேடைக்குப் பக்கத்தில் போனதும் தயங்கினாள், உடம்பைத் திருப்பி ஒதுங்கிப் போனாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“ஏம்மா சுத்திப் போற?”

“அங்கன ஒரு அக்கா உக்காந்திருந்தாவல்லா, அதான் ஒதுங்குனேன்.” திரும்பிப் பார்த்தாள். “எந்திச்சுப் போயிட்டாவளோ?”

அவள் வாயைத் திறந்தாலே அந்தப் பேச்சைப் பிடித்து இழுத்துக் கிண்டல் செய்யக் காத்திருந்தவர் கன்னியம்மா. அப்போது குனிந்துகொண்டு கிளிப்பை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

இங்கே என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கும் முன் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். ஏன் தொழில் செய்யப்போகிறாய் என்று ஒரு தாளில் எழுது, மனசு தளரும்போது எடுத்துப் பார் என்று சொன்னார்கள். எழுதினேன். யாருக்கும் கீழே வேலை செய்ய வேண்டாம். போர்டில் என் பெயர் இருக்கும். நாலு பேருக்கு வேலை கொடுப்பேன். அம்மா வீட்டு வாசலில் ஒரு நாள் காரில் போய் இறங்குவேன். இப்படி நிறைய. பிரஸ் வருவதற்கு முன்பே, அந்தக் காரணங்களில் ஒன்றுகூட காலையில் என்னை எழுப்பவில்லை. காலையில் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே போகக் காரணம் தேடிக்கொண்டிருப்பேன். ஸ்டெல்லா அக்கா ஷெட் சாவியோடு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறப்பார்.

பிரஸ் வந்தது. பழைய மேடையில், பழைய போல்ட்டுகள் மேலேயே உட்கார்ந்தது. புதிய மெஷின் என்பதால் முன்னால் இரண்டு பக்கமும் கம்பங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் வரிசையாகப் பாயும். மெஷின் இறங்கும்போது அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு விரல் நுழைந்தாலும் பச்சை விளக்கு சிவப்பாகும், மெஷின் அந்தரத்தில் நின்றுவிடும். ஒளித்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தகட்டை வைத்தார், கையை எடுத்தார், பொத்தானை அழுத்தினார். காலை முழுக்க அழகாக ஓடியது.

மத்தியானம் பக்கத்துக் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் நின்றது.

கன்னியம்மாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

எந்தக் கோடுகள் மறைபடுகின்றன என்பதைக் கம்பத்தில் இருக்கும் சின்ன விளக்குகள் காட்டும். கீழே, தகடு வைக்கும் உயரத்தில், அடுத்தடுத்த சில கோடுகள் மட்டும் மறைந்திருந்தன. ஒரு மணிக்கட்டின் அகலம். கொஞ்ச நேரம் மறைந்தன, வந்தன, மறைந்தன. ஒரு தாளத்தோடு நடந்தது அது.

என் பட்டியலை எடுத்தேன். கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்ட கண்ணாடித் தகடு வழியாக உச்சிவெயில் விழுகிறதா? தார்ப்பாய் போட்டு மூடினோம். தூசியா? துடைத்தோம். ரோட்டில் போகும் டிரெய்லரின் அதிர்வா? போல்ட்டுகளை இறுக்கினோம். வயரை மாற்றினோம். கம்பங்களையே கழற்றிப் புது ஜோடி மாட்டினோம். மறுநாளும் சங்கு ஊதியதும் சிவப்பு. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. அந்த வாரக் கடைசியில் மத்தியானம் நின்ற மெஷின் நாலு மணி வரை எழவில்லை.

அது என் முதல் ஆர்டர். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனிக்கு. முதல் லாட் சரக்கு சொன்ன நாளில் வந்தால்தான் அடுத்த பேச்சு என்று அவர்களுடைய பர்ச்சேஸ் மேனேஜர் முதலிலேயே சொல்லியிருந்தார். அடுத்த பேச்சு இல்லையென்றால் ஷெட் இல்லை. லாட் போக வேண்டிய நாளும் வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானமும் மெஷின் நின்றது.

பிரஸ் விற்றவர்கள் தினேஷ் என்ற சர்வீஸ் இன்ஜினியரை அனுப்பினார்கள். நல்ல பையன், முகத்தில் சிரிப்பு மாறாது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுந்தான்.

“திரை நல்லாதான் இருக்கு மேடம். எதையோ பார்க்குது, அதான் நிறுத்துது. ஒரு சின்ன வயர் போட்டுட்டா திரை என்ன சொன்னாலும் மெஷின் காதுல வாங்காது. லாட்டை ஓட்டி முடிங்க. அப்புறம் வந்து எடுத்துடறேன்.”

“தெரியாம யாராச்சும் கையை வச்சா?”

“யார் மேடம் வைக்கப் போறாங்க? எல்லாம் அனுபவசாலிங்க. இந்த ரோட்டுல பாதி ஷெட்டு இப்படித்தான் ஓடுது.”

பையிலிருந்து வயரை எடுத்தான். மஞ்சள் நிறத்தில் ஒரு விரல் நீளம். இரண்டு முனையும் ஏற்கெனவே சீவப்பட்டிருந்தது. வரும்போதே தயாராக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

பின்னால் அரம் தேய்க்கும் சத்தம் நின்றது. திரும்பினேன். எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, தினேஷையும் பார்க்கவில்லை. கன்னியம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து, யாருக்கோ இடம் விடுவது போல, ஓரமாக நகர்ந்து நின்றிருந்தார். காலி ஸ்டூலைத்தான் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

“அப்பவும் மஞ்சக் கலர் வயருதான் மேடம்,” என்றார் ஸ்டெல்லா அக்கா.

“எப்பக்கா?”

“விமலாவுக்கு.”

அப்புறம்தான் சொன்னார். சத்தமில்லாமல், கேட்டதற்கு மட்டும். முந்தைய ஓனருக்கும் ஒரு லாட் அவசரம் இருந்தது. அந்தப் பழைய பிரஸ்ஸிலும் திரை இருந்தது, அடிக்கடி நின்று தொல்லை கொடுத்தது. வயர் போட்டார்கள். மத்தியானச் சங்கு ஊதியது. சாப்பிடக் கிளம்புவதற்குமுன் கடைசித் தகட்டை நேராக்க விமலா வலது கையை நீட்டினார்.

“ஆஸ்பத்திரில இருந்து நாங்க திரும்பி வர்றதுக்குள்ள தரைய கழுவி பூட்டிட்டாங்க. மெஷினு எங்க போச்சின்னே தெரியல.”

போன் அடித்தது. பர்ச்சேஸ் மேனேஜர். நான் எடுக்கவில்லை. மனசுக்குள் பட்டியல் தானாக ஓடியது. லாட் போகாவிட்டால் அடுத்த ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் இத்தனை பேருக்கும் வேலை இல்லை. கன்னியம்மா நிதானமானவர். சில மணி நேரம்தான். எல்லாம் சரியாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் டிக் அடிக்கலாம். முந்தைய ஓனரும் இதே இடத்தில் நின்று, இதே வரிசையில், இதே டிக்குகளைத்தான் போட்டிருப்பார். அவர் நின்ற இடத்தில், அவர் கால் வைத்த தரையில், அவருடைய வார்த்தைகளை நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரஸ்ஸின் சாவியைத் திருகி எடுத்தேன். ஸ்டெல்லா அக்காவின் கையில் கொடுத்தேன்.

“இது இனிமே உங்ககிட்டதான் இருக்கணும். நான் கேட்டாலும் யோசிச்சுக் குடுங்க.”

போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

“சார், இன்னிக்கு முழு லாட் வராது.”

“என்னம்மா விளையாடறியா? ஏன்?”

“மெஷின் நின்னு நின்னு போகுது. காரணம் கண்டுபிடிக்க முடியல.”

“ஏன், பேய் கீய் பூந்துடுச்சா?”

“திரையை பைபாஸ் பண்ணா ஓடும் சார். நான் பண்ண மாட்டேன்,” என்றேன்.

அவர் வேறு குரலில், “யாருக்காச்சும் அடியா?” என்றார்.

“இந்தத் தடவை இல்ல சார்.”

“இருக்கறதை அனுப்பு. மீதி நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள வரணும். வரலைன்னா வேற ஆளைப் பார்ப்பேன். தப்பா நினைச்சுக்காத.”

தினேஷ் பையை மூடிக்கொண்டு போனான். என் பட்டியலில் பார்க்க வேண்டிய காரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எழுதாத ஒன்றுதான் மிச்சம். நான் என்ன நினைக்கிறேன் என்று ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அவ உசுரோடதான் கீறா,” என்றார். “வூடு படப்பை தாண்டி. வர்றியாம்மா?”

அதுவரை அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

வெயில் சாய்வதற்குமுன் போய்விட்டோம். படப்பையில் இறங்கி ஷேர் ஆட்டோ. புதிதாகப் பிளாட் போட்ட வெற்றுநிலம், நட்டு வைத்த எல்லைக்கற்கள், நடுவே ஒரே ஒரு சிமென்ட் வீடு. வாசலில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் இடது கையால் மாவை வழித்துப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

“இவங்கதான் புது மொதலாளியா? இஸ்கோல் பொண்ணு மாரி கீது,” என்றார் விமலா. “இன்னா ஸ்டெல்லா, வயசானா உனக்குச் சின்னச் சின்ன மொதலாளியா குடுக்கறாங்களா?”

ஸ்டெல்லா அக்கா அவர் முதுகில் ஒரு அடி போட்டார். டீ வந்தது. நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விமலா கிரைண்டரை நிறுத்தினார்.

“மெஷினு சங்கு ஊதினதும் நிக்குதா?”

நான் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். நான் சொல்லவே இல்லை என்று அவர் தலையசைத்தார்.

“இல்லாத கைல வலி வரும்னு டாக்டரு சொன்னாரு,” என்றார் விமலா, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. “வலின்னா பரவால்ல, மாத்திரை போட்டுகினு படுக்கலாம். இது வேல பாக்குதும்மா. தகட எடுக்குது, வைக்குது. எடுக்குது, வைக்குது. ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சு. இப்ப ஒரு வாரமா மத்தியானம் ஆனா ஆரம்பிச்சிடுது. புதுசா ஒரு மெஷினு வந்துகீதுன்னு அப்பவே நெனச்சேன்.”

கிரைண்டரின் வாளியில் மாவு குமிழ் விட்டு அடங்கியது.

“மெஷினை வேற இடத்துக்கு மாத்திடறேங்க்கா. அந்த மேடையையே உடைச்சிடறேன்,” என்றேன்.

“எதுக்கு? மெஷினு நவுந்தா கை நவுராதா?”

“அப்ப நீங்களே வேலைக்கு வந்துடுங்க. சரக்கு பார்க்கற வேலை, உக்காந்து பார்க்கலாம்.”

“சம்பளமே இல்லாம தெனம் வந்துகினுதான கீறேன்!” என்றார். ஸ்டெல்லா அக்காவும் அவரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. விமலாவின் சிரிப்பு முதலில் நின்றது.

“வயரு போட்டியா?”

“இல்லக்கா.”

“போடுவியா?”

“மாட்டேன்.”

“அப்ப அங்கயே இருக்கட்டும். நிக்குதுன்னா நிக்கட்டும்மா. அன்னிக்கு நிக்கல, அதான.”

மறுநாள் சங்கு ஊதியது. சிவப்பு எரிந்தது. நான் பட்டியலை எடுக்கவில்லை. எல்லோரும் சாப்பிடலாம் என்றேன். அதுவரை நாங்கள் ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவோம். கன்னியம்மா ஸ்டூலை விட்டு எழுந்து, “நீ பாரு, நான் துன்னுட்டு வரேன்” என்று காலி ஸ்டூலிடம் சொல்லிவிட்டு வந்தார். சாப்பிடும்போது யாரும் மெஷின் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. சாயந்தரம் மீதி லாட்டும் ஒரகடம் போனது. இன்றும் எங்கள் ஷெட்டில் சாப்பாட்டு நேரம் அந்தச் சங்குதான்.

அடுத்த ஆர்டருக்குக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் பர்ச்சேஸ் மேனேஜரை முதல் முறை நேரில் பார்த்தேன். தாளை அழுத்திப் பிடித்த இடது கையில் இரண்டு விரல்கள் பாதியில் முடிந்திருந்தன. நான் பார்த்ததை அவர் பார்த்தார். கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். இன்றைக்கும் எனக்குப் பிரச்சினை என்றால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். திட்டிவிட்டுத்தான் கேட்பார், ஆனால் கேட்பார்.

உறவு வளர்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். விசிட்டிங் கார்டு கொடுத்தேன், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இனிப்பு கொடுத்தேன், எல்லாம் செய்தேன். ஆனால் என்னை ஸ்டெல்லா அக்கா ‘ம்மா’ என்று கூப்பிட்டதும், அந்த மேனேஜர் ஒரு நாள் பொறுத்ததும் நான் செய்யாத ஒரு காரியத்துக்காக. நீங்கள் எதைச் செய்ய மாட்டீர்கள் என்பது தெரியும்வரை உங்களோடு இருப்பவர்கள் உங்களிடமிருந்து ஓர் அடி ஒதுங்கித்தான் நடப்பார்கள். அதைச் சொல்லித் தெரியவைக்க முடியாது. ஒரு அவசர நாளில்தான் தெரியும். அந்த நாளை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

இன்னொரு கேள்வி, காலையில் எழுந்து வரும் மனசு. அந்தப் பயிற்சி வகுப்புத் தாள் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை. இப்போது கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பதில்லை. நேராக உள்ளே போகிறேன். ஸ்டெல்லா அக்காவிடம் பிரஸ் சாவியைக் கேட்கிறேன். அவர் யோசித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். மெஷினை ஓடவிட்டு, அது இறங்கும்போது ஒரு கழியை நீட்டித் திரையைச் சோதிப்பதுதான் தொழிலில் வழக்கம். நான் என் வலது கையைக் கம்பங்களின் ஓரத்தில் நீட்டுகிறேன். சிவப்பு எரிகிறது, மெஷின் நிற்கிறது. கையை எடுத்து ஒரு முறை விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். சாயந்தரம் எல்லோரும் இரண்டு கையோடு வீட்டுக்குப் போவார்கள். அன்றைய வேலையைத் தொடங்க எனக்கு இது போதுமாக இருக்கிறது.

சில காலைகளில் நான் கையை நீட்டுவதற்குமுன்பே சிவப்பு எரிந்துகொண்டிருக்கும். கீழே, தகடு வைக்கும் உயரத்தில், ஒரு மணிக்கட்டின் அகலத்துக்கு. நான் அவசரப்படுவதில்லை. உடம்பைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, “ஓரம், விமலா” என்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பச்சை வருகிறது.